கேவலியர் குட்டிக்குக் காட்டப்படும் சான்றிதழ்கள்: எதை நம்பலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்?

பிரிட்டனில் கேவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியல் நாய்க்குட்டி தேடிப் போனால் "தாய், தந்தை இரண்டுக்கும் எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு" என்ற பேச்சு காதில் விழாமல் இருக்காது. எந்த டெஸ்ட், எந்த வயதில் எடுத்தது, யார் பார்த்தார்கள் என்பது மட்டும் அதில் இருக்காது. இந்த இனத்தைப் பொறுத்தவரை அந்த மூன்று விவரமும்தான் முக்கியம்.

கேவலியருக்கு இன்று கிடைக்கும் முக்கியப் பரிசோதனைச் சேவைகள் மூன்று. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து அனுப்பும் டி.என்.ஏ. சோதனை ஒன்று. இதய நிபுணர் செய்யும் இதயப் பரிசோதனை இன்னொன்று. மூன்றாவது, மண்டையோட்டையும் கழுத்துத் தண்டுவடத்தையும் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தரம் பிரிக்கும் திட்டம். இவற்றில் எளிதானது முதலாவது. நாய்களை இணை சேர்த்துக் குட்டி விற்கும் பிரீடர்கள் முதலில் எடுத்து நீட்டுவதும் அதைத்தான். ஆனால் கேவலியரைக் கொல்லும் நோயும், வாழ்நாள் முழுக்க வலியில் வைத்திருக்கும் நோயும் அந்தப் பஞ்சுக்குச்சியில் தெரியாது. குட்டி வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இந்த நோய்கள் எங்கிருந்து வந்தன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பழைய ஓவியங்களில் அரச குடும்பத்தார் மடியில் உட்கார்ந்திருக்கும் நீள மூக்கு ஸ்பானியல்கள் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் அநேகமாக மறைந்துபோயிருந்தன. அவற்றின் இடத்தில் தட்டை முகமும் உருண்டை மண்டையும் கொண்ட நாய்கள் வந்துவிட்டன. 1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், பழைய முகவெட்டு உள்ள நாயைக் கொண்டுவருபவருக்கு 25 பவுண்டு பரிசு என்று கிரஃப்ட்ஸ் கண்காட்சியில் அறிவித்தார். 1928இல் பரிசு வென்ற ஆன்ஸ் சன் என்ற நாயே புதிய இனத்துக்கு அளவுகோலாயிற்று. நாய் இனங்களைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் அமைப்பான கென்னல் கிளப் இதைத் தனி இனமாக ஏற்றது 1945இல். இடையில் ஒரு போர் வேறு வந்துபோனது. ஆக, விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாய்களிலிருந்து ஓர் இனமே கிளைத்தது. அவற்றுள் சிலவற்றில் இருந்த குறை, பேரன் பேத்திகள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. 2021இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் எட்டு இனங்களின் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். தீங்கு செய்யும் மாற்றங்கள் கேவலியரில்தான் கூடுதலாகக் குவிந்திருந்தன.

டி.என்.ஏ. சோதனை: நல்ல சேவை, குறுகிய வேலை

இந்தச் சோதனையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. கேவலியருக்கென்றே உள்ள இரண்டு நோய்களை இது ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிடும். அந்த இரண்டுக்குமான சோதனை 2011இல் வந்தது.

முதலாவது, திடீரென விழும் நோய். ஓடி விளையாடும்போதோ உற்சாகம் மிகும்போதோ பின்னங்கால்கள் விறைத்து, முதுகு வளைந்து, நாய் முயல் போலத் தாவித் தாவிச் சரியும். ஆனால் நினைவு தப்பாது. வலிப்பு நோயிலிருந்து இதைப் பிரித்தறியும் அடையாளம் அதுதான். இது தெரியாமல் வலிப்பு மருந்தைத் தொடங்கிவிட்டு, பலனில்லை என்று மாற்றி மாற்றிக் கொடுப்பது நடக்கிறது. பெரும்பாலும் குட்டிப் பருவத்திலேயே வெளிப்படும் நோய் இது.

இரண்டாவது, சுருள் முடியோடு கூடிய உலர்கண் நோய். பிறந்த குட்டியின் முடியே சொரசொரப்பாகச் சுருண்டிருக்கும். கண்ணில் நீர் சுரக்காது, தோல் செதில் செதிலாக உரியும். வளர வளரப் பாதங்கள் தடித்து நகங்கள் கழன்று விழும். நடப்பதே வேதனையாகிவிடுவதால் பல குட்டிகளைக் கருணைக்கொலை செய்ய வேண்டிவருகிறது.

இரண்டும் ஒடுங்கு பண்பு நோய்கள். குறையுள்ள மரபணு தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக இரண்டு வந்தால்தான் நோய். ஒன்று மட்டும் உள்ள நாய் 'கடத்தி'. அந்த நோயைப் பொறுத்தவரை அது ஆயுள் முழுக்க நலமாக இருக்கும். கடத்தியைச் சுத்தமான நாயோடு சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. சராசரியாகப் பாதிக் குட்டிகள் கடத்திகளாகும். இரண்டு கடத்திகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு நோய் வர வாய்ப்பு.

எனவே பிரீடர் ஒருவர் "தாய் கடத்தி, தந்தை சுத்தம்" என்று தாளைக் காட்டினால் பயந்து எழுந்து வந்துவிடாதீர்கள். அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். கடத்தி என்ற ஒரே காரணத்துக்காக நல்ல இதயமுள்ள நாயை ஒதுக்கினால், ஏற்கெனவே குறுகிய இந்த இனத்தின் மரபணு வளம் இன்னும் குறுகும். சிறிய சிக்கலைத் தீர்க்கப் போய்ப் பெரிய சிக்கலை வளர்த்த கதையாகிவிடும்.

வீட்டுக்கே பெட்டி அனுப்பி "இருநூறுக்கும் மேற்பட்ட நோய்களுக்குச் சோதனை" என்று விற்கும் தொகுப்புகளும் இருக்கின்றன. அந்த இருநூறில் பெரும்பாலானவை வேறு இனங்களில் கண்டறிந்த மாற்றங்கள். கேவலியரில் அவை இல்லை என்று பச்சை நிறத்தில் வரிசையாக அச்சடித்து வருவதால் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் தெரியப்போவதில்லை. வாங்குவதானால் மேலே சொன்ன இரண்டும் அந்தப் பட்டியலில் உண்டா என்று முதலில் பாருங்கள். அவை இல்லாத தொகுப்பு கேவலியருக்கு வீண்செலவு.

இதயப் பரிசோதனை: முதலில் கேட்க வேண்டிய தாள்

மிட்ரல் வால்வு நோய் வயதான சிறிய நாய்கள் பலவற்றுக்கும் வருவதுதான். கேவலியருக்கு அது இளவயதிலேயே வருகிறது. இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையே உள்ள வால்வின் மடல்கள் தடித்து, சுருண்டு, சரியாக மூடாமல் போகும். ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னோக்கிக் கசியும். ஸ்டெதஸ்கோப்பில் 'முணுமுணுப்பு' என்று கேட்பது அந்தக் கசிவின் ஓசை. கேவலியர்களில் ஏறக்குறையப் பாதிக்கு ஐந்தாறு வயதுக்குள் அது கேட்கத் தொடங்கிவிடுகிறது. பத்து வயதைத் தாண்டிய கேவலியரில் அது இல்லாதது அபூர்வம்.

பல மரபணுக்கள் சேர்ந்து உண்டாக்கும் நோய் என்பதால், பெற்றோரைத் தேர்ந்தெடுக்க உதவும் டி.என்.ஏ. சோதனை இதற்கு இல்லை. இருக்கும் ஒரே வழி வயதைப் பார்ப்பது. எப்படியும் வரப்போகும் நோய், எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதுதான் கேள்வி. 1998இல் வகுத்த இனப்பெருக்க விதி இதன்மேல்தான் நிற்கிறது: தாய், தந்தை இரண்டுக்கும் இரண்டரை வயதாவது ஆகியிருக்க வேண்டும், முணுமுணுப்பு இருக்கக் கூடாது, அவற்றின் பெற்றோர், அதாவது குட்டியின் தாத்தா பாட்டிகள் நால்வரும், ஐந்து வயதில் முணுமுணுப்பில்லாமல் இருந்திருக்க வேண்டும்.

இந்த விதியில் கண்ணில் படாமல் நழுவுவது இரண்டாம் பாதி. இரண்டரை வயதுக் கேவலியர்களில் மிகப் பலவற்றுக்கு இதயம் சுத்தமாகத்தான் இருக்கும். அந்தச் சான்றிதழைப் பெறுவது கடினமே இல்லை. ஐந்து வயதில் தாத்தாவின் இதயம் எப்படி இருந்தது என்பதுதான் பரம்பரையைப் பற்றிப் பேசும். பெற்றோர் தாளை நீட்டிவிட்டுத் தாத்தா பாட்டி தாளைக் கேட்டால் மழுப்புகிறார் என்றால், விதியின் பாதியை அவர் விட்டுவிட்டார் என்று அர்த்தம். ஒரு வயதிலேயே கண்காட்சியில் பரிசு வாங்கிய ஆண் நாயைப் பல வீட்டுப் பெண் நாய்களோடு சேர்ப்பதில் உள்ள ஆபத்தும் இதுதான். அதற்கு நான்கு வயதில் முணுமுணுப்பு வரும்போது குட்டிகளும் குட்டிகளின் குட்டிகளும் பிறந்திருக்கும்.

சேவையின் தரம் யார் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தது. முணுமுணுப்பை ஒன்று முதல் ஆறு வரை தரம் பிரிப்பார்கள். முதல் தரம் அமைதியான அறையில், நாய் மூச்சிரைக்காமல் நிற்கும்போது, இடப்பக்கம் சரியான இடத்தில் வைத்துக் கேட்டால்தான் காதில் விழும். தடுப்பூசிக்குப் போன இடத்தில் பொது மருத்துவர் அரை நிமிடம் கேட்டுவிட்டு "இதயம் நன்றாக இருக்கிறது" என்று எழுதுவது தவறில்லை. ஆனால் இனப்பெருக்கத்துக்கு அது சான்றாகாது. கால்நடை இதய நிபுணரின் கையெழுத்து வேண்டும். கென்னல் கிளப்பின் இதயத் திட்டம் ஸ்டெதஸ்கோப்போடு எக்கோவையும் (இதயத்தை ஒலியலையால் படமாகக் காட்டும் ஸ்கேன்) சேர்த்துக்கொள்வதால், முணுமுணுப்பு காதுக்கு எட்டும் முன்பே வால்வு பிதுங்குவதும் கசிவதும் தெரிந்துவிடும். காதால் மட்டும் கேட்ட சான்றிதழும் எக்கோ சான்றிதழும் இருந்தால் எக்கோவுக்கே என் வாக்கு.

இதற்கு நாடளவில் நல்ல ஒப்பீடு ஒன்று உண்டு. ஸ்வீடனின் திட்டம் முக்கியமாக ஸ்டெதஸ்கோப்பை நம்பியிருந்தது. 2010இல் வெளியான மதிப்பீட்டில், ஆறு வயது நாய்களிடையே முணுமுணுப்பு குறையவே இல்லை என்று தெரிந்தது. டென்மார்க் எக்கோவையும் சேர்த்துத் திட்டத்தைக் கட்டாயமாக்கியது. 2002 முதல் 2011 வரையான பதிவுகளைப் பார்த்தபோது, திட்டத்தில் தேறிய பெற்றோருக்குப் பிறந்த நாய்களின் நோய் ஆபத்து 73 சதவீதம் குறைந்திருந்தது. பிரிட்டனில் எதுவும் கட்டாயமில்லை. பரிசோதிக்கவே படாத பெற்றோரின் குட்டிகளையும் கென்னல் கிளப்பில் பதிவு செய்ய முடியும். பதிவுத்தாள் பரம்பரையைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது. இந்தச் சேவையின் பெரிய குறை பரிசோதனையில் இல்லை. விருப்பப்பட்டவர் மட்டும் வரலாம் என்று கதவைத் திறந்து வைத்திருப்பதில் இருக்கிறது.

சான்றிதழின் தேதியையும் பாருங்கள். இதயம் ஆண்டுதோறும் மாறுவது. இணை சேர்த்த நாளுக்கு ஓராண்டுக்கு முந்தைய தாள் என்றால் புதியதைக் கேளுங்கள்.

எம்.ஆர்.ஐ. திட்டம்: எண்ணைவிட எழுத்து முக்கியம்

கேவலியரின் மண்டையோட்டுப் பின்பகுதி மூளைக்குப் போதுமான இடம் தருவதில்லை. சிறுமூளை நெருக்குண்டு, மண்டையின் அடித்துளை வழியே வெளியே பிதுங்கப் பார்க்கும். இதுதான் கியாரி வகைக் குறை. இந்த இனத்தில் ஏறக்குறைய எல்லா நாய்க்கும் ஏதோ ஓர் அளவில் இது உண்டு. அடைப்பினால் மூளைத் தண்டுவடத் திரவம் சீராக ஓடாமல், தண்டுவடத்துக்குள்ளேயே திரவப் பைகள் உருவானால் அது சிரிங்கோமயலியா. நரம்பைத் தின்னும் வலி அது.

அறிகுறிகள் எளிதில் ஏமாற்றும். நாய் நடந்துகொண்டே பின்னங்காலால் கழுத்துக்கும் தோளுக்கும் பக்கத்தில் காற்றைச் சொறியும். கால் தோலில் படாது. பெரும்பாலும் ஒரே பக்கம். கழுத்துப்பட்டை கட்டினாலோ உற்சாகமானாலோ கூடும். தூக்கும்போது திடீரென வீறிடும். தலையை உயர்த்தி வைத்துக்கொண்டு தூங்கும். தெள்ளுப்பூச்சி, ஒவ்வாமை, காதுக் கோளாறு என்று மாதக்கணக்கில் மருந்து போட்டுக்கொண்டிருப்பது வாடிக்கை. இங்கே ஒரு சிக்கலும் உண்டு: கேவலியருக்கு நடுச்செவியில் கெட்டிச்சளி அடைக்கும் நோயும் அடிக்கடி வரும். அதுவும் கழுத்து வலி, காது சொறிதல் என்றே தொடங்கும். இரண்டையும் ஒரே எம்.ஆர்.ஐ.யில் பார்த்துவிடலாம். காதை மட்டும் குடைந்து பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது.

பிரிட்டிஷ் கால்நடை மருத்துவச் சங்கமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2012 ஜனவரியில் தொடங்கிய தரநிர்ணயத் திட்டம் இதற்கானது. நாயை மயக்கத்தில் வைத்து, மூளையிலிருந்து ஐந்தாம் கழுத்தெலும்பு வரை படமெடுப்பார்கள். மைக்ரோசிப் எண்ணைச் சரிபார்த்தபின், படங்களை இரண்டு நிபுணர்கள் பார்த்துத் தரமிடுவார்கள்.

சி.எம். என்பது கியாரி குறைக்கான எண்: 0 என்றால் மண்டைக்குள் இடமிருக்கிறது. 1 என்றால் சிறுமூளை அமுங்கியிருக்கிறது. 2 என்றால் அடித்துளைக்குள் பிதுங்கியிருக்கிறது. எஸ்.எம். என்பது தண்டுவடத்துக்கான, அதாவது சிரிங்கோமயலியாவுக்கான எண்: 0 என்றால் இயல்பு, 1 என்றால் நடுக்குழாய் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக விரிந்திருக்கிறது அல்லது பை உருவாவதற்கு முந்தைய வீக்க நிலை, 2 என்றால் 2 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ விரிந்திருக்கிறது அல்லது தனிப் பையே உருவாகிவிட்டது.

எஸ்.எம். எண்ணுக்குப் பக்கத்தில் வரும் சிறிய எழுத்தைப் பாருங்கள். படமெடுத்தபோது நாய்க்கு என்ன வயது என்பது அதில்தான் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் என்றால் ஏ, மூன்றிலிருந்து ஐந்து என்றால் பி, ஒன்றிலிருந்து மூன்று என்றால் சி. 0ஏ என்பது தங்கம். 0சி என்பது "இன்றைக்கு இல்லை" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாது. காரணம், இந்த நோய் வயதோடு வளர்கிறது. வெளியே அறிகுறி எதுவும் இல்லாத 555 கேவலியர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2011இல் வந்தது. ஒரு வயது நாய்களில் 25 சதவீதத்துக்குச் சிரிங்கோமயலியா இருந்தது. ஆறு வயதைத் தாண்டியவற்றில் 70 சதவீதம். பதினான்கு மாத நாய்க்கு ஒருமுறை படமெடுத்து, 0சி வாங்கி, அந்த ஒரே தாளை ஆறு ஏழு வருடம் காட்டிக்கொண்டிருப்பது நேர்மையில்லை. ஐந்து வயதுக்குப் பிறகு மறுபடி எடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். எடுத்தவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். அத்தகைய பிரீடர்கள் மிகக் குறைவு.

எந்தத் தரமானாலும், வலி அறிகுறி காட்டும் நாயை இணை சேர்க்கக் கூடாது. ஐந்து வயதுக்குள் எஸ்.எம். 2 வந்த நாயையும் அப்படித்தான்.

இந்தத் திட்டத்தின் குறைகளையும் சொல்ல வேண்டும். ஒன்று, செலவு. சிறப்புக் கட்டணத்தில் கூட ஒரு நாய்க்குச் சில நூறு பவுண்டு ஆகும், மயக்க மருந்தின் ஆபத்தும் சேரும். இரண்டு, படமெடுத்துவிட்டு முடிவு பிடிக்கவில்லையென்றால் தரமிட அனுப்பாமலே இருந்துவிடலாம். அதனால் கென்னல் கிளப் இணையதளத்தில் தெரியும் முடிவுகள் உண்மை நிலையைவிட அழகாகத் தெரியக்கூடும். "ஸ்கேன் எடுத்தோம், நன்றாக இருந்தது" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால், எடுக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, எஸ்.எம். 0 வந்த நாய்க்கும் கியாரி குறையால் மட்டுமே வலி இருக்கலாம். எண் அதைச் சொல்லாது. நாயோடு வாழ்பவரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

நார்வேயில் விலங்கு நல அமைப்பு தொடுத்த வழக்கில், கேவலியரையும் புல்டாக்கையும் இப்போதைய முறையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரண் என்று 2022இல் ஓஸ்லோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் புல்டாக் தப்பியது, கேவலியர் தப்பவில்லை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நாடு ஒன்றின் நீதிமன்றம் இவ்வளவு தூரம் போயிருக்கும்போது, நாம் ஒரு தாளை ஒழுங்காகப் படித்துப் பார்ப்பது பெரிய காரியமில்லை.

குட்டியைப் பார்க்கப் போகும்போது

இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியை இடைத்தரகர் விற்கக் கூடாது. பிறந்த இடத்திலேயே, தாயோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தாயைப் பார்க்கும்போதே தாளில் உள்ள மைக்ரோசிப் எண்ணை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ரீடர் இருந்தால் பிரீடரே படித்துக் காட்டுவார். தாயின் வயதைக் கேளுங்கள். இரண்டு வயதுத் தாய் என்றால் இதய விதி ஏற்கெனவே மீறப்பட்டுவிட்டது. மற்ற தாள்களைப் புரட்டி நேரம் போக்க வேண்டாம். தாயின் கழுத்தருகே மெல்லத் தடவிப் பாருங்கள்; துள்ளிச் சுருங்கினாலோ காற்றைச் சொறிந்தாலோ கிளம்பிவிடுங்கள். தாத்தா பாட்டிகள் இன்னும் உயிரோடிருக்கின்றனவா, இல்லையென்றால் எத்தனை வயதில், எதனால் போயின என்று கேளுங்கள். நல்ல பிரீடருக்கு இது விரல்நுனியில் இருக்கும்.

எல்லாத் தாளும் கிடைக்காவிட்டால் எதை விட்டுக்கொடுக்கலாம் என்றால், டி.என்.ஏ.வை. அதை நீங்களே எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். தாத்தா பாட்டியின் ஐந்து வயது இதயச் சான்றை விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்கு அடுத்தது ஏ எழுத்துள்ள எம்.ஆர்.ஐ., கிடைக்கவில்லையென்றால் பி.

வீட்டுக்கு வந்தபின்

கழுத்துப்பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போதும். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் குறைவு என்று இயந்திரம் சொன்னால் உடனே மருந்துக்குப் போகாதீர்கள். கேவலியர்களில் ஏறத்தாழப் பாதிக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து அளவில் பெருத்திருக்கும்; அது பரம்பரைக் கூறு, நோயில்லை. நுண்ணோக்கியில் கண்ணால் எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கொருமுறை இதயத்தைக் கேட்கச் செய்யுங்கள். முணுமுணுப்பு மூன்றாம் தரத்தை எட்டினால் எக்கோ அவசியம். இதயம் பெருத்திருந்தால், இருமலும் மூச்சுத்திணறலும் வருவதற்கு முன்பே பிமோபெண்டான் என்ற இதய மருந்தைத் தொடங்குவது பலன் தரும். 2016இல் வெளியான எபிக் ஆய்வில், இதயம் பெருத்தும் அறிகுறி காட்டாத நாய்களுக்கு அது இதயச் செயலிழப்பைச் சராசரியாக 15 மாதம் தள்ளிப்போட்டது. வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு, நாளுக்கு இருவேளை கொடுக்க வேண்டிய மருந்து அது. இதயம் பெருக்காத கட்டத்தில் அதைக் கொடுக்கத் தேவையில்லை. எனவே எக்கோ எடுக்காமல் எழுதித் தரப்படும் சீட்டைக் கேள்வி கேளுங்கள்.

முணுமுணுப்பு உள்ள நாயின் மூச்சை, அது ஆழ்ந்து தூங்கும்போது கடிகாரம் வைத்து எண்ணிக் குறித்து வையுங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒரு மூச்சு. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். 30க்கு மேல் போனால் சிறிது நேரம் விட்டு மறுபடி எண்ணுங்கள். அப்போதும் இறங்கவில்லையென்றால் விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரை அழையுங்கள்; நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம்.